கவுன்சிலர் வீட்டுக்காரர்

செப்டம்பர் 1, திங்கள்

முக்குக் கடைக்கு எதிரே புதிதாக ஒரு ஃபிளக்ஸ். குடிநீர்க் குழாயை மாற்றிக் கொடுத்ததற்கு நன்றி சொல்லி வாய்க்கால்கரைத் தெருப் பொதுமக்கள் வைத்திருக்கிறார்கள். என் மனைவி வடிவின் படம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. என் படம் இல்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு இன்னொரு தடவை தேடினேன். கீழே தெருக்காரர்களின் தலைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒருவனுக்கு நான்தான் ஜாமீன் எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

இந்த வார்டில் இரண்டு தடவை கவுன்சிலராக இருந்தவன் நான். வக்கீல் பொன்னரசு வீடு என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுவந்து விடுவார். போன தேர்தலில் வார்டைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன், மனைவியை நிறுத்தினேன். மேடையில் பேசியது நான், வீடு வீடாகக் கும்பிட்டது நான், ஜெயித்ததும் நான்தான். பேர் மட்டும் சண்முகவடிவு.

கையெழுத்தும் நான்தான். பதவியேற்ற வாரம் மாதிரிக் கையெழுத்து கேட்டு மாநகராட்சியிலிருந்து ஆள் வந்தான். வடிவு மாவு வழித்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் ஈரம். நானே போட்டுக் கொடுத்தேன். வ எழுத்தில் ஒரு சுழி சுழித்து வாலை நீளமாக இழுத்து விட்டேன், பார்வைக்கு நன்றாகவே வந்தது. அன்றிலிருந்து இந்த வார்டின் விளக்கு, குழாய், ரோடு எல்லாவற்றுக்கும் போன கடிதங்களில் இருப்பது அந்தக் கையெழுத்துதான். அவளும் இதைப் பற்றிக் கேட்டதில்லை.

வேலையையும் அப்போதே பிரித்துக்கொண்டோம். தண்ணீர் லாரி, சாக்கடை அடைப்பு, இறப்புச் சான்றிதழ், தெருநாய் போன்ற சில்லறை வேலைகள் அவளுக்கு. கட்சி, அதிகாரிகள், பெரிய விஷயங்கள் எனக்கு. ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஃபிளக்ஸ் அடித்தவனைத்தான் விசாரிக்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று மாமன்றக் கூட்டம். கூட்ட அரங்குக்குள் கணவர்களை விடமாட்டார்கள் என்பதால் எதிர்ப்புற டீக்கடை பெஞ்சில் உட்காருவோம். மாநகராட்சியில் பாதி அந்த பெஞ்சில்தான் இருக்கிறது. டயர் கடை ஜெயவீரன் பக்கத்து வார்டு, நான் இந்த வார்டு. உள்ளே ஓட்டெடுப்பு என்று செய்தி வந்தால் அவரவர் மனைவிக்குப் போனில் ரிங் விடுவோம். ஒரு ரிங் என்றால் கை தூக்க வேண்டும், இரண்டு என்றால் தூக்கக் கூடாது. வடிவுக்கு இதைவிடச் சுலபமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "தீர்மானத்தை வரவேற்கிறேன்" என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும்.

கூட்டம் முடிந்து வந்த மாநகராட்சிக் குமாஸ்தா ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "வக்கீல் சார், உங்க வீட்டம்மா இன்னைக்கு இஞ்சினியரைப் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாக" என்றார்.

"எதுக்கு?"

"வாய்க்கால் தூர் வாருனதா கணக்கு எழுதியிருக்காங்கள்ல, எந்த இடத்துல வாருனீங்க, வாங்க போய்ப் பாப்போம்னு கூப்பிட்டாக. அவருக்கு வேர்த்துருச்சு."

ஜெயவீரன் என் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அண்ணே, நீங்க எழுதிக் குடுத்ததா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

வடிவிடம் கேட்டேன். "யார் உன்னைப் பேசச் சொன்னது?"

"கேட்டாங்க, பேசுனேன்" என்றாள்.

"யார் கேட்டாங்க?"

"ஓட்டுப் போட்டவங்க" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். முப்பது வருடமாகக் குறுக்கு விசாரணை செய்கிறவனிடம் இந்த மாதிரிப் பதில்.

செப்டம்பர் 12, வெள்ளி

மாவட்டம் கூப்பிட்டனுப்பினார். மாவட்டம் என்றால் எங்கள் மாவட்டச் செயலாளர். பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் வீட்டு முன்ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பிறகு மோர் கொடுத்தார். மோர் கொடுத்தால் நல்ல சேதி என்று அர்த்தம்.

அரசு வழக்கறிஞர் பட்டியல் தயாராகிறதாம். "உன் பேரைச் சொல்லியிருக்கேன்யா. எத்தனை நாளைக்குத்தான் முன்சீப் கோர்ட்டு வராந்தாவுல நிப்ப?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கட்சிக்காகக் கொடி கட்டியவன், கேஸ் நடத்தியவன், ஜெயிலுக்குப் போனவர்களுக்கெல்லாம் ஓடியவன். எனக்குப் பிறகு வந்தவனெல்லாம் காரில் சைரன் வைத்துக்கொண்டு போகிறான். எனக்கு இன்று வரை ஒரு பதவிப் பலகை கிடையாது. இருந்த கவுன்சிலர் பலகையிலும் இப்போது அவள் பேர்.

எழுந்திருக்கும்போது, "மச்சான் சீனிச்சாமிக்கு ஒரு சின்ன விவகாரம். நீ பாத்துக்க" என்றார்.

சீனி மகால் முன்னால் ஓடும் மழைநீர் வாய்க்காலின் மேல் சீனிச்சாமி கான்கிரீட் பலகை போட்டு மூடி, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடமாக்கியிருக்கிறார். கீழ்ப்பக்கம் வாய்க்கால்கரைத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று பேச்சு. யாராவது இடிக்க வந்தால் தடையுத்தரவு வாங்க வேண்டும். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். சின்ன விவகாரம்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

மாலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது என்று வடிவு புலம்பினாள்.

செப்டம்பர் 20, சனி

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினார்கள். வாய்க்கால்கரைத் தெரு பஞ்சவர்ணம், புடவை முழங்கால் வரை சேறு. தெருமுனையில் இட்லி மாவு அரைத்து விற்கிற பெண்.

"சொல்லும்மா" என்றேன்.

"கவுன்சிலர் இல்லீங்களா?"

"நான்தான் இருக்கேன்ல. சொல்லு."

"இல்ல சார், கவுன்சிலரைத்தான் பாக்கணும்."

உள்ளே போய்ப் பார்த்தால் வடிவு இல்லை. என் மழைக்கோட்டும் இல்லை. அவள் எனக்கு முன்பே எழுந்து, பின்வாசல் வழியாக அதே தெருவுக்குத்தான் போயிருக்கிறாள்.

போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. சாக்கடையும் மழையும் கலந்து வீடுகளுக்குள் கட்டில் கால் மறைகிற அளவுக்கு நின்றது. பஞ்சவர்ணத்தின் மகள் நிறைமாசக்காரி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி என் மனைவி. என் மழைக்கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் படம் எடுத்தான்.

மேல்பக்கம் சீனி மகால் வாசலில் தண்ணீர் இல்லை. அங்கே ஒரு அறுபதாம் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

வாய்க்கால் அடைப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு பலகையை மட்டும் சொல்ல முடியாது. கோர்ட்டில் இதை நான் நிரூபிப்பேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பேப்பரில் படம் வந்திருக்கிறது. பெண் குழந்தையாம், சுகப்பிரசவம். வடிவு குழந்தையைப் பார்க்கப் போயிருக்கிறாள். சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறது. ரசம் ஆறிவிட்டது.

செப்டம்பர் 27, சனி

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடிவு சொன்னாள். "மகால் முன்னால இருக்கற பலகைய எடுக்கணும்னு அடுத்த கூட்டத்துல தீர்மானம் கொண்டு வரப் போறேன்."

"அது யாரோட இடம் தெரியுமா?"

"தெரியும். நீங்க வக்காலத்து வாங்கியிருக்கறதும் தெரியும்."

என் குமாஸ்தா பயல் உளறியிருக்கிறான். நான் பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். மாவட்டம், அரசு வழக்கறிஞர் பதவி, இத்தனை வருட உழைப்பு எல்லாவற்றையும் சொன்னேன். "இது நம்ம குடும்பத்துக்கு வர்ற வாய்ப்பு வடிவு" என்றேன்.

"அந்தத் தெருவுல முப்பது குடும்பம் இருக்கு" என்றாள்.

பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நோட்டீஸ் குடுக்காம இடிச்சா நீங்க தடை வாங்கிருவீங்கள்ல?" என்று கேட்டாள்.

"பின்னே? ஒரே நாள்ல வாங்கிருவேன்."

"அப்ப எப்படிக் குடுக்கணும்?"

சொன்னேன். ஆணையர் பெயரில் நோட்டீஸ் போக வேண்டும். அதற்கு முன்னால் சர்வேயர் வந்து அளந்து, வாய்க்கால் அரசு இடம் என்று வரைபடத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கதவில் ஒட்டும்போது படம் எடுத்து வைக்க வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்துவிட்டால் எந்த வக்கீல் வந்தாலும் தடை வாங்க முடியாது என்று சொல்லி முடித்தேன். சட்டத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. அது தொழில் பழக்கம்.

அவள் இன்னொரு தோசை வைத்தாள். முறுகலாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

மாநகராட்சியில் விசாரித்தேன். சர்வேயர் வந்து அளந்துவிட்டுப் போய்விட்டார். வரைபடம் தயார். நான் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடக்கிறது. சீனிச்சாமிக்கு எதிராக நானே என் வீட்டில் உட்கார்ந்து, தோசை சாப்பிட்டுக்கொண்டு, ஆலோசனை கொடுத்திருக்கிறேன்.

ஒரு சந்தோஷம். அவளுடைய தீர்மானக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கோப்பில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப் போகவில்லையாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

கோர்ட்டிலிருந்து வந்தபோது வடிவு சாப்பாட்டு மேஜையில் பழைய நோட்டு ஒன்றை விரித்து வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். சண்முகவடிவு, சண்முகவடிவு, சண்முகவடிவு. பக்கம் முழுக்க. நான் போடுகிற சுழியும் வாலும்.

"என்ன பண்ணுற?"

"என் கையெழுத்தப் பழகுறேன்" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. "இந்த வால்தான் வர மாட்டேங்குது. எப்படி இழுப்பீங்க?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் எதை வைத்துத் திட்டுவது என்று தெரியவில்லை. முகம் கழுவிக்கொண்டு டிவி பார்த்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் தடவை கையெழுத்து ஒத்துப் போய்விட்டதாம். தீபாவளி முடிந்து வருகிற கூட்டத்தில் தீர்மானம் வருகிறது.

அக்டோபர் 13, திங்கள்

மாவட்டம் கூப்பிட்டார். மோர் கொடுக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. சீனிச்சாமி சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா, வீட்டுல ஒரு பொம்பளைய அடக்கத் தெரியாதவன், கோர்ட்டுல போய் அரசாங்கத்துக்காக என்னய்யா பேசப் போற?"

நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

"பேசுன வரைக்கும் போதும். ராஜினாமா லெட்டர் குடுத்துரு. உடம்பு சரியில்லைன்னு எழுது. கூட்டத்துக்கு ஆளே இல்லைன்னா தீர்மானமும் இல்ல."

"அவ கையெழுத்துப் போட மாட்டாண்ணே."

மாவட்டம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ எப்பய்யா போட்டா? எல்லாத்துக்கும் நீதான போடுற? இதுக்கும் போடு."

சீனிச்சாமி சிரித்தார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். பட்டியல் அதற்குப் பிறகு போகிறதாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

கோர்ட்டில் ஒரு வாய்தா. ஒரு சமரசம். மாலையில் தீபாவளிக்காக, வெளியூரில் கட்டிக் கொடுத்த மகளுக்குச் சுடிதார் துணி எடுத்தோம். வடிவு தனக்கு எதுவும் வேண்டாம் என்றாள். எனக்கு வேட்டி சட்டை எடுத்தாள், பதவிக்காரர் மாதிரி இருக்கும் என்று கரை அகலமாகப் பார்த்து எடுத்தாள். கடைக்காரப் பெண் அவளைக் "கவுன்சிலர் அம்மா" என்று சொல்லி நாற்காலி போட்டாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

கடிதம் மாவட்டத்திடம் கொடுத்தாயிற்று. எழுத வேறு எதுவும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புது வேட்டி. வாசலில் காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். பஞ்சவர்ணம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அதிரசம் கொண்டுவந்தாள். குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம், வடிவு என்று. கையிலிருந்த அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

வடிவு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது. அல்லது நான் வீட்டில் இல்லாதபோது சிரிப்பாளோ என்னவோ.

அக்டோபர் 22, புதன்

நான் ஒரு மடையன். முப்பது வருடம் சட்டம் படித்தும் இது தோன்றவில்லை. மாமன்ற உறுப்பினர் ராஜினாமா செய்தால், கொடுத்தவரை நேரில் வரவழைத்துக் கேட்டு உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது என்று ஆணையர் சொல்லிவிட்டாராம். மேயர் என்ன சொல்லியும் அவர் கேட்கவில்லை. நாளைக் காலை வடிவை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன் அவளுக்குத்தான் வந்தது. பேசிவிட்டு வைத்தாள். பிறகு, "நாளைக்கு மேயர் ரூமுக்கு வரணுமாம். நீங்களும் வாங்க" என்றாள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குக்கரில் விசில் வந்தது.

இது என் கையெழுத்து இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலிக் கையெழுத்து, அதுவும் வக்கீல். பார் கவுன்சில் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடும். உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். என்னிடம் ஜூனியராக இருந்தவன் வந்து எனக்கு ஜாமீன் மனு போடுவான். பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மேயர் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ராஜினாமாக் கடிதம். இன்னொன்று மூன்று வருடத்துக்கு முன்னால் நான் போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து. ஆணையர் இளவயதுக்காரர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்தார். துளி வித்தியாசம் இல்லை.

"மேடம், இது நீங்க போட்ட கையெழுத்துதானா?"

வடிவு தாளைக் கையில் எடுத்தாள். உடம்பு சரியில்லாத காரணத்தால், குடும்பச் சூழ்நிலை காரணமாக என்று நான் எழுதியதையெல்லாம் நிதானமாகப் படித்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா சார். நான் போட்டதுதான்."

மேயர் மூச்சு விட்டார். நானும்தான். அடுத்த நொடியே உறைத்தது, அவள் பதவி போய்விட்டது.

"ஒரு கோவத்துல எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள். "நீங்க இன்னும் ஏத்துக்கலைல்ல? இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். அதையும் எழுத்துல தரணும்னா ஒரு பேப்பர் குடுங்க, இங்கயே எழுதித் தர்றேன்."

மேயர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஆணையர் தாளும் பேனாவும் நகர்த்தி வைத்தார். அவள் எழுதினாள். பிழையில்லாத மனு, என் குமாஸ்தாவே இவ்வளவு சுருக்கமாக எழுதமாட்டான். கடைசியில் எல்லார் கண் முன்னாலும் கையெழுத்துப் போட்டாள். அதே சுழி, அதே வால். ஆணையர் மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆட்டோவில் வரும்போது எனக்குத் தாங்கவில்லை. ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்று, "வடிவு, எனக்காக நீ..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காக இல்லைங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கறிவேப்பிலை இல்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள். "என்னோடது இல்லைன்னு சொல்லியிருந்தா, மூணு வருசமா வார்டுக்குப் போன லெட்டர் பூராவும் பொய்யாயிரும். லைட்டு, குழாய், அந்தப் பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற ரோடு, எல்லாத்தையும் நோண்ட ஆரம்பிச்சிருவாங்க. பலகைத் தீர்மானத்துல இருக்கறதும் அதே கையெழுத்துதான. அதையும் தூக்கிப் போட்டுருவாங்க. அதுக்குத்தான் சொன்னேன்."

பாலத்தில் நெரிசல். ஆட்டோ நின்றது.

"உங்களப் பத்தி நேத்து பூரா யோசிச்சேன்" என்றாள் பிறகு. "யோசிச்சு ஒண்ணும் பிடிபடல. அப்பறம் வார்டைப் பத்தி யோசிச்சேன். அது சுலபமா இருந்துச்சு."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். இத்தனை வருடத்தில் அவள் திட்டி நான் வாங்கிக்கொண்டது உண்டு, சமாளித்ததும் உண்டு. இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 29, புதன்

மாமன்றக் கூட்டம். பழக்கதோஷத்தில் டீக்கடை பெஞ்சுக்குப் போய்விட்டேன். தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது என்று சேதி வந்ததும் பெஞ்சில் எல்லாரும் போனை எடுத்தார்கள். மேலிடத்து உத்தரவு, இரண்டு ரிங். ஜெயவீரன் விட்டார். பதில் இல்லை. முழுதாக அடிக்க விட்டார். எடுக்கவில்லை.

"சைலன்ட்ல போட்டுட்டாளோ" என்றார்.

"எங்க வீட்டுலயும் எடுக்கலண்ணே" என்றார் இன்னொருவர்.

நான் போனை எடுக்கவே இல்லை. எடுத்தால் எத்தனை ரிங் விடுவது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் மாநகராட்சிக் குமாஸ்தா வந்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்றில்லாமல் பெண் உறுப்பினர்கள் எல்லாரும் கை தூக்கிவிட்டார்களாம், தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். ஜெயவீரன் டீயைக் குடிக்காமலேயே எழுந்து போனார். காசை நான் கொடுத்தேன்.

நவம்பர் 5, புதன்

அரசு வழக்கறிஞர் பட்டியல் வந்துவிட்டது. என் பேர் இல்லை. மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்தேன்.

சீனிச்சாமி வக்காலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு வக்கீலிடம் போய்விட்டார். நல்ல பெயரெடுத்த வக்கீல்தான். தடை கிடைக்கவில்லை. நோட்டீஸ், அளவை, விளக்கம், கதவில் ஒட்டிய படம் எல்லாம் முறைப்படி இருப்பதாக நீதிபதி சொல்லிவிட்டாராம். பார் ரூமில் அந்த வக்கீல் வந்து, "மாநகராட்சிக்கு எவனோ நல்லா சொல்லிக் குடுத்துருக்கான் சார்" என்றார். என் மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

நவம்பர் 8, சனி

தண்ணீர் லாரி வரவில்லை என்று வீட்டு போனுக்கு ஒருவர் கூப்பிட்டார். வடிவு வெளியே போயிருந்தாள். எந்தத் தெரு என்று கேட்டு வைத்தேன். லாரிக்காரர் நம்பர் எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் அது இருந்ததே இல்லை.

நவம்பர் 12, புதன்

இன்று பலகையை இடித்தார்கள்.

கோர்ட்டுக்குப் போகிற வழி அதுவல்ல. இருந்தாலும் அந்த வழியாகப் போனேன். ஜேசிபி வந்து நின்றது. போலீஸ், மாநகராட்சி ஆட்கள், வாய்க்கால்கரைத் தெரு முழுக்க. பஞ்சவர்ணம் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். வடிவு எதிர்ப்பக்கம் மரத்தடியில் இரண்டு பெண்களோடு ஏதோ மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள்.

நான் கூட்டத்தின் பின்னால்தான் நின்றேன். ஆனால் உதவிப் பொறியாளர் என்னைப் பார்த்துவிட்டார். பழைய மரியாதை, நேராக என்னிடம் வந்து கையைக் கட்டிக்கொண்டு, "சார், ஆரம்பிச்சிரலாமா?" என்றார். ஜேசிபி டிரைவரும் என்னைத்தான் பார்த்தார். கூட்டமும் திரும்பியது. நான் கவுன்சிலராக இருந்த காலத்திலும், அதற்குப் பிறகும், இந்த வார்டில் எதை ஆரம்பிப்பதற்கும் என்னைத்தான் கேட்பார்கள். தலையை ஆட்டினால் போதும். ஆட்டியிருப்பேன், தலை பாதி அசைந்தும்விட்டது.

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றேன். "கவுன்சிலர் அந்தா நிக்கிறாங்க. அவங்களைக் கேளுங்க."

அவர் தயங்கிவிட்டு அந்தப் பக்கம் போனார். கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவள் தலையாட்டுவதற்காகக் காத்து நின்றேன்.